அத்தியாயம் 6: ரவுட்டருக்கென்று ஒரு முகவரி

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் எல்லாம் ஒரே சாலையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். இங்கே வலையமைப்பு போடுகிறவர் ரவுட்டரை வாங்குவதற்கு முன் இந்த நிலத்தைப் பார்க்க வேண்டும். ஃபைபரும் பெரும்பாலும் அந்தச் சாலையோரமாகவே வருகிறது. மாரி தொடங்கினால் வெள்ளம். மாரி முடிந்தால் வடிகான் வெட்ட வரும் பெக்கோ. எப்போதாவது ஒரு கம்பி அறும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட முடியும். கம்பி அறும்போது ரவுட்டரையும் சேர்த்துத் தொலைத்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடுதான் லூப்பேக் இடைமுகம்.

ஒரு புடவை வியாபாரத்தை வைத்துக்கொள்வோம். தலைமைக் கடை கல்முனையில். கிளைகள் சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில். கடைக்கு ஒரு ரவுட்டர். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே கரையோர ஃபைபர். கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் வேறொரு ஃபைபர். சம்மாந்துறையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு வயல்வெளிக்கு மேலாக ஒரு ரேடியோ இணைப்பு. ஆக மூன்று ஊரும் ஒரு முக்கோணம். பொத்துவில் மட்டும் அக்கரைப்பற்றிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, ஒற்றைக் கம்பியில் தனியாகக் கிடக்கிறது. ரவுட்டர்களுக்கிடையே ஓஎஸ்பிஎஃப் என்ற வழித்தட நெறிமுறை ஓடுகிறது.

அக்கரைப்பற்று ரவுட்டருக்கு இப்போது எத்தனை முகவரி? கரையோர ஃபைபர் பக்கம் 10.254.0.6. ரேடியோ பக்கம் 10.254.0.10. பொத்துவில் பக்கம் ஒன்று, கடைக்குள் ஒன்று. கல்முனையில் உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பு மென்பொருளில் எதைக் கொடுப்பீர்கள்? அனேகமாக எல்லோரும் கொடுப்பது 10.254.0.6. அது நேர் கம்பி, அதுதான் முதலில் வேலை செய்தது, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்ததும் அதுதான்.

ஒருநாள் நிந்தவூர்ப் பக்கம் ஃபைபர் அறுகிறது. அந்தப் போர்ட் கீழே விழுகிறது. போர்ட் விழுந்தால் அதன் முகவரியும் வழித்தட அட்டவணையிலிருந்து போய்விடும். கண்காணிப்புத் திரை சிவப்பாகிறது. முதலாளியின் அழைப்பு வருகிறது: “தம்பி, அக்கரைப்பற்று ரவுட்டர் செத்துட்டு போல.” ரவுட்டர் சாகவில்லை. ஓஎஸ்பிஎஃப் போக்குவரத்தைச் சம்மாந்துறை வழியாகத் திருப்பிவிட்டது. கடையில் பில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள் மட்டும் தேவையில்லாமல் மோட்டார் சைக்கிளை எடுக்கிறீர்கள்.

இதைவிட மோசமான ஒரு வகையும் உண்டு. வாடகைக்கு எடுத்த இணைப்புகளில் நடப்பது பெரும்பாலும் அதுதான். இரு முனையிலும் உங்கள் ரவுட்டருக்கும் ஃபைபருக்கும் நடுவில் சேவை வழங்குநரின் கருவி இருக்கும். நடுவழியில் ஃபைபர் அறுந்தாலும் உங்கள் போர்ட்டின் பச்சை விளக்கு அணையாது. போர்ட் விழவில்லை என்பதால், 10.254.0.4 தொடங்கும் அந்தச் சிறு வலையம் தன்னோடு நேரடியாக இணைந்திருப்பதாகவே கல்முனை ரவுட்டர் நம்புகிறது. நேரடி இணைப்பை மிஞ்சி எந்த வழித்தட நெறிமுறையும் பேச முடியாது. எனவே 10.254.0.6க்கு அனுப்பும் ஒவ்வொரு பொதியும் அறுந்த கம்பிக்குள்ளேயே போய் விழும். சம்மாந்துறை வழி திறந்து கிடந்தும் அந்த முகவரிக்கு அது பயன்படாது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. எந்தக் கம்பியோடும் ஒட்டாத ஒரு முகவரியை ரவுட்டருக்குள் வைப்பது. சிஸ்கோ ரவுட்டரில் ‘இன்டர்ஃபேஸ் லூப்பேக் 0’ என்று தொடங்கி, ‘ஐபி அட்ரஸ் 10.255.0.3 255.255.255.255’ என்று கொடுத்தால் வேலை முடிந்தது. மென்பொருள் தானே உருவாக்கும் இடைமுகம் இது. போர்ட் இல்லை, கம்பி இல்லை, எனவே அறுவதற்கும் ஒன்றுமில்லை. நீங்களே ‘ஷட்டவுன்’ கொடுத்தால் அல்லது ரவுட்டருக்கு மின்சாரம் போனால் தவிர அது விழாது. ஒருவர் எந்த பஸ்ஸில் வந்து இறங்கினாலும் அவருடைய தேசிய அடையாள அட்டை எண் மாறாததுபோல, எந்த வழியில் வந்து தட்டினாலும் ரவுட்டர் இந்த முகவரியில் பதில் சொல்லும்.

முகவரியை உருவாக்கினால் மட்டும் போதாது, அதை மற்ற ரவுட்டர்களுக்கு அறிவிக்கவும் வேண்டும். ஓஎஸ்பிஎஃப் பகுதியில் ‘நெட்வொர்க் 10.255.0.3 0.0.0.0 ஏரியா 0’ என்ற ஒரு வரி. இதை மறந்துவிட்டு, லூப்பேக் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. இனி கல்முனை ரவுட்டருக்கு 10.255.0.3க்கு இரண்டு வழி தெரியும். கரையோர வழி போனால் சம்மாந்துறை வழி. பச்சை விளக்கு அணையாத வகையிலும், ஹலோ பொதிகள் வராமல் போய் நாற்பது விநாடியில் ஓஎஸ்பிஎஃப் அந்த அயலாரைக் கைவிடும். அதுதான் வழக்கமான இயல்பளவு. நாற்பது விநாடி நீளம் என்றால், அறுந்ததை இன்னும் விரைவாகக் கண்டறியும் பிஎஃப்டி போடலாம். துணிக்கடைக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

முகமூடி ஏன் 255.255.255.255? அங்கே இருப்பது ஒரே ஒரு முகவரி. அதற்கு வலையம் எதற்கு? சிலர் பழக்கத்தில் 255.255.255.0 கொடுப்பார்கள். சிஸ்கோவில் ஓஎஸ்பிஎஃப் அதைப் பொருட்படுத்தாமல் ஒற்றை முகவரியாகவே அறிவிக்கும். அட்டவணையில் ஒன்று, நீங்கள் எழுதியது ஒன்று என்று பின்னால் குழம்புவதைவிட முதலிலேயே சரியாக எழுதிவிடலாம்.

முகவரித் திட்டத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லூப்பேக்குகளுக்கென்று தனித் தொகுதி ஒன்றை ஒதுக்குங்கள். நம் எடுத்துக்காட்டில் 10.255.0.0 தொடங்கும் 256 முகவரிகள். கல்முனை 1, சம்மாந்துறை 2, அக்கரைப்பற்று 3, பொத்துவில் 4. அந்தத் தொகுதியில் வேறு எதையும் போடாதீர்கள். அப்படி வைத்தால், ‘இந்தத் தொகுதியிலிருந்து வருவது ரவுட்டர்’ என்று ஒரே வரியில் அனுமதிப் பட்டியல் எழுதலாம். எண்ணுக்குள் ஊர்க் குறியீடு, மாடி எண், வாங்கிய ஆண்டு எல்லாம் திணிக்கும் ஆசை வரும். வேண்டாம். கடை இடம் மாறினால் எண் பொய்யாகிவிடும். பெயரை டிஎன்எஸ்ஸில் எழுதி, அந்தப் பெயரை லூப்பேக் முகவரிக்குக் காட்டினால் போதும்.

இதுவரை சொன்னது ரவுட்டரைத் தேடி நாம் போகும் திசை. ரவுட்டர் நம்மை நோக்கிப் பேசும் திசையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் லூப்பேக்கின் பாதிப் பயன் அங்கேதான் இருக்கிறது. அக்கரைப்பற்று ரவுட்டர் கல்முனையில் உள்ள பதிவுச் சேவையகத்துக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. அனுப்புநர் முகவரி எது? நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், பொதி எந்த போர்ட் வழியாக வெளியேறுகிறதோ அந்த போர்ட்டின் முகவரி. நல்ல நாளில் 10.254.0.6. ஃபைபர் அறுந்த நாளில் 10.254.0.10. ஒரே ரவுட்டரின் கதை பதிவேட்டில் இரண்டு பெயரில் எழுதப்படும். எது நடந்தது என்று மிகவும் தேவைப்படும் அந்தப் பத்து நிமிடம் வேறொரு பெயரில் கிடக்கும்.

பதிவேடு குழம்பினால் பொறுத்துக்கொள்ளலாம். நுழைவுச் சரிபார்ப்பு குழம்பினால் கதவே அடைபடும். ரவுட்டருக்குள் நுழைய ரேடியஸ் அல்லது டக்காக்ஸ் சேவையகம் வைத்திருந்தால், யார் யாரிடமிருந்து கேள்வி வரலாம் என்ற பட்டியல் அதில் இருக்கும். பட்டியலில் இருப்பது 10.254.0.6; கேள்வி வருவதோ 10.254.0.10இலிருந்து. சேவையகம் பதில் சொல்லாது. வழி மாறிய அன்றைக்கு, அதாவது நீங்கள் உள்ளே போயே தீரவேண்டிய அன்றைக்கு, கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாது.

ஆகவே ஒவ்வொரு சேவைக்கும் ‘உன் முகவரி லூப்பேக்’ என்று தனித்தனியே சொல்ல வேண்டும். சிஸ்கோவில் ‘லாகிங் சோர்ஸ்-இன்டர்ஃபேஸ் லூப்பேக் 0’, ‘என்டிபி சோர்ஸ் லூப்பேக் 0’, ‘எஸ்என்எம்பி-சர்வர் டிராப்-சோர்ஸ் லூப்பேக் 0’, ‘ஐபி ரேடியஸ் சோர்ஸ்-இன்டர்ஃபேஸ் லூப்பேக் 0’. ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்ற வழியில்லை என்பது சலிப்புத்தான். சேவையகங்களின் பட்டியலில் லூப்பேக் முகவரியை முதலில் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகு ரவுட்டரில் இந்த வரிகளைக் கொடுங்கள். வரிசை மாறினால் நீங்களே வெளியே நிற்பீர்கள். நேரத்தைச் சரி செய்யும்போது நேர வலயம் 5 மணி 30 நிமிடம் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. இடையில் பல ஆண்டு ஆறு மணி நேரமாக இருந்ததால், பழைய அமைப்புக் கோப்பைப் பிரதி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பிரதி என்றதும் ஓஎஸ்பிஎஃப் அடையாள எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு ரவுட்டருக்கும் 32 பிட் அடையாள எண் ஒன்று வேண்டும். அது முகவரியைப் போலவே எழுதப்படும். நீங்கள் கையால் கொடுத்தால் அதை எடுக்கும். கொடுக்காவிட்டால், இருக்கும் லூப்பேக்குகளில் பெரிய முகவரி. லூப்பேக்கே இல்லாவிட்டால், உயிரோடு இருக்கும் போர்ட்டுகளில் பெரிய முகவரி. ஓஎஸ்பிஎஃப் தொடங்கும் கணத்தில் இது தீர்மானமாகும். பிறகு நீங்கள் லூப்பேக் சேர்த்தாலும், ஓஎஸ்பிஎஃப்பை மறுபடி தொடங்கும் வரை எண் மாறாது. அதனால் ‘ரவுட்டர்-ஐடி 10.255.0.3’ என்று கையாலேயே எழுதிவிடுங்கள். லூப்பேக்கும் அடையாள எண்ணும் ஒன்றாக இருந்தால் நள்ளிரவில் பதிவேடு படிக்க எளிது.

புதுக் கிளைக்கு ரவுட்டர் வைக்கும்போது பழைய கிளையின் கோப்பைப் பிரதியெடுத்துப் போர்ட் முகவரிகளை மட்டும் மாற்றுவது எல்லோரும் செய்வது. லூப்பேக்கையும் அடையாள எண்ணையும் மாற்ற மறந்தால் என்ன ஆகும்? இரண்டு ரவுட்டரும் நேரடியாக இணைந்திருந்தால் அயலுறவே உருவாகாது, உடனே கண்டுபிடித்துவிடலாம். நடுவில் இன்னொரு ரவுட்டர் இருந்தால்தான் வேதனை. இரண்டும் ஒரே பெயரில் மாறி மாறி அறிவிப்பு விட, வழித்தடங்கள் வருவதும் போவதுமாக இருக்கும். கம்பியில் கோளாறு என்று நினைத்து கம்பியையே மாற்றிக்கொண்டிருப்பீர்கள். இப்படி வழித்தடங்கள் ஆடினால் முதலில் அடையாள எண்களை ஒப்பிடுங்கள்.

ஐபிவி6 போட்டால் லூப்பேக் முகவரிக்கு 128 பிட் முழு நீளம். அப்போதும் ஓஎஸ்பிஎஃப் அடையாள எண் 32 பிட்தான். ரவுட்டரில் ஐபிவி4 முகவரி ஒன்றுகூட இல்லாவிட்டால் அது தானாக எண்ணைக் கண்டுபிடிக்காது. கையால் கொடுக்காமல் நெறிமுறை எழும்பாது.

பிஜிபி என்ற வழித்தட நெறிமுறை பற்றிச் சுருக்கமாக. புடவைக்கடைக்கு அது தேவைப்படாது. ஆனால் இதைப் படிக்கிறவர்களில் பல்கலைக்கழக வலையமைப்பிலோ சேவை வழங்குநரிடமோ வேலைக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். நம் பக்கத்திலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் ஒலுவிலிலும், பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலும் இருக்கின்றன. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைப்பது லேர்ன் எனப்படும் கல்வி ஆய்வு வலையமைப்பு. உலக இணையத்தில் அதன் தன்னாட்சி அமைப்பு எண் 38229. ஸ்ரீலங்கா டெலிகொம் 9329, டயலொக் 18001. இப்படி எண் பெற்ற ஓர் அமைப்புக்குள் இருக்கும் ரவுட்டர்கள் தமக்குள் பிஜிபி பேசும்போது, லூப்பேக்கிலிருந்து லூப்பேக்குக்குப் பேசுவதுதான் உலகெங்கும் வழக்கம். நடுவில் ஒரு கம்பி போனாலும் உரையாடல் அறாது. அறுந்தால் இலட்சக்கணக்கான வழித்தடங்களை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும்.

அதற்கு ‘நெய்பர் 10.255.0.1 அப்டேட்-சோர்ஸ் லூப்பேக் 0’ என்ற வரி இரு பக்கமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் சில வேளை வேலை செய்துவிடும். போட்ட பக்கத்து ரவுட்டர் முந்திக்கொண்டு அழைத்தால் உரையாடல் எழும்பும். போடாத பக்கம் அழைத்தால் எழும்பாது. இன்று எழும்பிவிட்டது என்று விட்டுவிட்டால் அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு ஆட்டம் காட்டும். வெளி நிறுவனத்தோடு ஒற்றைக் கம்பியில் பேசும் பிஜிபிக்கு மட்டும் லூப்பேக் வேண்டாம் என்பேன். அங்கே கம்பி போனால் உரையாடலும் போவதுதான் சரி. போர்ட் முகவரியையே பயன்படுத்துங்கள். இரண்டு கம்பி இருந்தால் லூப்பேக் பொருந்தும். ‘ஈபிஜிபி-மல்டிஹாப் 2’ சேர்க்க வேண்டும், ஏனென்றால் வெளி உரையாடலின் பொதிகள் இயல்பாக ஒரே தாவலோடு இறந்துவிடும்.

பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். கணினியில் 127.0.0.1 என்பதையும் லூப்பேக் என்றே சொல்வார்கள். அந்த முகவரியோடு ஒரு பொதியும் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. ரவுட்டரின் லூப்பேக்கோ வெளியே அறிவிக்கப்படுவதற்காகவே இருக்கிறது. சுவிட்ச் ஒன்று தன் பதிவேட்டில் ‘லூப்பேக் டிடெக்டட்’ என்று கத்தினால் அது மூன்றாவது சங்கதி: யாரோ கம்பியைச் சுற்றிக் கொண்டுவந்து அதே சுவிட்சில் செருகியிருக்கிறார்கள்.

சுவிட்சுகளுக்கு லூப்பேக் வேண்டுமா? கடையில் இருக்கும் சாதாரண இரண்டாம் அடுக்குச் சுவிட்சுக்கு வேண்டாம். நிர்வாக விலான் ஒன்றில் ஒரு முகவரி போதும். அந்த விலானில் உயிரோடு ஒரு போர்ட்டாவது இல்லாவிட்டால் அந்த முகவரி விழுந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வழித்தடம் போடும் மூன்றாம் அடுக்குச் சுவிட்ச் என்றால் அது ரவுட்டர்தான். இந்த அத்தியாயம் முழுவதும் அதற்கும் பொருந்தும்.

மைக்ரோடிக் பெட்டி வைத்திருப்பவர்கள், பழைய ரவுட்டர்ஓஎஸ்ஸில் லூப்பேக் என்று ஒன்றைத் தேடி ஏமாந்திருப்பீர்கள். போர்ட் எதையும் சேர்க்காத வெற்று பிரிட்ஜ் ஒன்றை உருவாக்கி, அதன் நெறிமுறை முறையை ‘நன்’ என்று வைத்து, அதில் முகவரியைப் போடுவது வழக்கம். ஒரு குறையும் இல்லை. 7ஆம் பதிப்பின் பிந்திய வெளியீடுகளில் ‘எல்ஓ’ என்ற இடைமுகம் உள்ளேயே வருகிறது. பழையது ஓடிக்கொண்டிருந்தால் அதற்காக மாற்ற வேண்டியதில்லை.

எப்போதும் எட்டக்கூடிய முகவரி கள்வனுக்கும் எட்டும். எஸ்எஸ்எச் நுழைவை நிர்வாக வலையத்துக்கு மட்டும் திறந்து வையுங்கள். லூப்பேக் தொகுதியை இணையப் பக்கம் அறிவிக்காதீர்கள். ஜூனிப்பர் ரவுட்டரில் இன்னும் வசதி: ‘எல்ஓ0’ இடைமுகத்தில் ஒரு வடிகட்டியைப் போட்டால், எந்த போர்ட் வழியாக வந்தாலும் ரவுட்டரின் மூளைக்குப் போகும் போக்குவரத்து எல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதே காரணத்தால், அதில் ஒரு வரி பிசகினால் ஓஎஸ்பிஎஃப்பும் நிற்கும், நீங்களும் வெளியே நிற்பீர்கள். அங்கே ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ கொடுத்துவிட்டு வேலை செய்யுங்கள். நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் தானே திரும்பும். சிஸ்கோவில் ‘ரீலோட் இன் 10’ கொடுத்துவிட்டு, கோப்பைச் சேமிக்காமல் மாற்றம் செய்து பாருங்கள். சரியாக வந்தால் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்துவிட்டுச் சேமியுங்கள். பொத்துவில் ரவுட்டரைக் கல்முனையிலிருந்து தொடும்போது இதைச் செய்யாதவருக்குப் பயணச் செலவு நிச்சயம்.

எல்லாம் போட்டு முடித்தபின் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். கழற்றாமல் இது வேலை செய்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. இஷாவுக்குப் பிறகு கடை பூட்டியதும் நல்ல நேரம். நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரண்டு வாரம் மட்டும் எதையும் தொடாதீர்கள். அந்த நாட்களில் துணிக்கடை நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். கல்முனை ரவுட்டரில் ‘பிங் 10.255.0.3 சோர்ஸ் லூப்பேக் 0’ கொடுங்கள். அனுப்புவதும் பெறுவதும் லூப்பேக்காக இருந்தால்தான் இரு திசையும் சோதனையாகும். அக்கரைப்பற்றில் ஒருவர் கரையோர ஃபைபரைக் கழற்றட்டும். சில பொதிகள் தவறி, பிறகு பதில் தொடர வேண்டும். தொடர்ந்ததும் அந்த ரவுட்டருக்குள் புதிதாக நுழைந்து பாருங்கள். பதிவுச் சேவையகத்தில் எந்தப் பெயரில் செய்தி விழுந்தது என்றும் பாருங்கள். ட்ரேஸ்ரவுட்டில் லூப்பேக் முகவரிகள் நடுவில் தெரியாது, போர்ட் முகவரிகளே தெரியும். அது கோளாறு அல்ல.

இனிப் பொத்துவில். அங்கும் 10.255.0.4 என்று லூப்பேக் போடுங்கள். பதிவேடும் அடையாள எண்ணும் ஒழுங்காகும். ஆனால் அக்கரைப்பற்று–பொத்துவில் கம்பி அறுந்தால் அந்த முகவரியும் எட்டாது. லூப்பேக் இருக்கும் வழிகளைப் பயன்படுத்துமே தவிர இல்லாத வழியை உண்டாக்காது. இரண்டாவது வழியும் கரையோரமாகவே போனால் அதுவும் அரைகுறைதான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கரையில் என்ன இருந்தாலும் அது ஒரே நாளில் போகலாம் என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முக்கோணத்தின் சம்மாந்துறைப் பக்கம் உள்நாட்டு வழியாகப் போவது அதனால்தான். பொத்துவிலுக்குக் குறைந்தது ஒரு 4ஜி இணைப்பை வேறொரு நிறுவனத்திடமிருந்து எடுத்து, அதன் மேல் கல்முனைக்கு ஒரு டனல் போட்டு, அந்த டனலிலும் ஓஎஸ்பிஎஃப் ஓட விடுங்கள். மாதக் கட்டணத்தை முதலாளியிடம் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.